வயிற்றுவலி நடிப்பல்ல!

காசிமேட்டில் மீன் ஏலம் விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். திருவொற்றியூரிலிருந்து கூடையோடு கிளம்பும் அந்த அம்மாவுக்கு, பத்தாம் வகுப்பு மகள் அந்நேரத்திலும் தூங்காமல் படிப்பது பெருமையாகத்தான் இருந்தது. ஆனால், பரீட்சை நாள் வந்தாலே மகளுக்கு வயிற்றுவலி.

"இன்னாடி, நடிக்கிறியா?"

"இல்லம்மா, நெசமாவே வலிக்குது. படிச்சது ஒண்ணுமே ஞாபகம் இல்ல."

அது நடிப்பல்ல. பயத்தில் அட்ரினலின் சுரக்கும். இதயம் படபடக்கும், வயிற்றுக்குப் போகும் ரத்தம் குறையும், வலிக்கும். படித்தது மனதில் பதியத் தூக்கமும் வேண்டும். வகுப்பு ஆசிரியை இதைச் சொன்ன பிறகுதான் அம்மாவுக்குப் புரிந்தது.

அன்று முதல் இரவு பத்து மணிக்கு விளக்கு அணைந்தது. "எத்தனை மார்க்?" என்ற கேள்வி போய், "எது கஷ்டமா இருக்கு?" வந்தது.

"கணக்கும்மா. ஃபெயிலானா நீ இன்னா சொல்லுவியோன்னு பயம்."

"ஃபெயிலானா மறுபடி எழுதிக்கலாம். நீ இல்லன்னா நான் யாருக்குடி மீன் விக்கிறேன்?"

உண்மைதான். தோற்றவர்கள் அதே ஆண்டில் துணைத் தேர்வு எழுதலாம். மாநில ரேங்க் அறிவிப்பதைத் தமிழக அரசே 2017-ல் நிறுத்திவிட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதை நாமும் நிறுத்தலாமே!

பயம் தூக்கத்தையும் சாப்பாட்டையும் கெடுத்தால், 14416 என்ற 'டெலி மனஸ்' எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகப் பேசலாம்.

கணக்குப் பரீட்சை அன்றும் வயிறு லேசாக வலித்தது. "பரவால்லம்மா, போயிட்டு வரேன்" என்று கிளம்பினாள் மகள்.