அண்ணாந்த பிள்ளை

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு கொட்டகை. நவராத்திரி நெருங்குகிறது, பலகை முழுக்கக் கொலு பொம்மைகள் காய்கின்றன. ஒருவர் பிளாஸ்டர் அச்சுக்குள் மண் கரைசலை ஊற்றுகிறார். அச்சு ஈரத்தைக் குடிக்கும், மண் சுவரில் படியும். வேண்டிய தடிமன் வந்ததும் மிச்சத்தைக் கவிழ்த்துவிடுவார். உள்ளே வெறும் கூடு.

வாசல் பெஞ்சில் அவர் மகன். வயது பதினொன்று, உயரம் நான்கு வயதுப் பிள்ளைக்குரியது. நெஞ்செலும்பு துருத்த, அண்ணாந்தே உட்கார்ந்திருக்கிறான். பொம்மைக் கணக்கை நோட்டில் எழுதுவது அவன்தான். பிசகவே பிசகாதாம்.

"ஏன் சாமி, கூரையவே பாக்குற?" வர்ணம் பூசும் கிழவி அவன் தாடையைப் பிடித்து இறக்கப் போனாள். அச்சைப் போட்டுவிட்டு அப்பா ஓடி வந்தார். "ஆயா, கழுத்தத் தொடாத. குனிஞ்சா மூச்சு அடைச்சிக்கும்."

அவனுக்கு மோர்க்கியோ நோய். 1929இல் உருகுவேயில் மோர்க்கியோ, இங்கிலாந்தில் பிரெய்ல்ஸ்ஃபோர்ட் என இரு மருத்துவர்கள் தனித்தனியே விவரித்தது. ஒரு நொதி சரியாக வேலை செய்யாததால் எலும்பு வளர்ச்சி குன்றுகிறது. மூச்சுக்குழாய் மட்டும் நீள்கிறது. வளராத மார்புக்கூட்டுக்குள் இடமின்றி வளைகிறது. குறுக்கே போகும் ரத்தக்குழாய் வேறு அதை நெரிக்கிறது. அண்ணாந்தால் கொஞ்சம் வழி திறக்கும்.

அறுவை சிகிச்சை என்றால், மயக்கம் கொடுக்க மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாய் இறக்க வேண்டும். கழுத்தையோ அசைக்கக் கூடாது. மேல் இரண்டு கழுத்தெலும்புகளையும் பிடித்து நிறுத்தும் முளை இந்த நோயாளிகளுக்குச் சரியாக வளர்வதில்லை. ஏடாகூடமாக மடங்கினால் தண்டுவடம் நசுங்கும். அதனால் மயக்க மருத்துவர், தொண்டை மருத்துவர், எலும்பு மருத்துவர், நெஞ்சு அறுவை மருத்துவர் எல்லோரும் முன்கூட்டியே ஒரே சி.டி. ஸ்கேன் முன்னால் உட்கார வேண்டியிருக்கிறது. எந்த அளவுக் குழாய், கேமராக் குழாயை மூக்கு வழியே விடுவதா, இறங்காவிட்டால் என்ன செய்வது? ஆபத்துக்குக் கழுத்தில் துளை போடலாம் என்பதும் இங்கே லேசில்லை. கழுத்து குட்டை, மூச்சுக்குழாய் ஆழத்தில் கோணிக் கிடக்கிறது. அமெரிக்காவின் டெலவேரில், நெமோர்ஸ் குழந்தைகள் மருத்துவமனையில், கோணிய மூச்சுக்குழாயையே திருத்தித் தைத்திருக்கிறார்கள். நம் ஊரில் 2021இன் அரிய நோய்க் கொள்கைப்படி 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. வாரந்தோறும் ஏற்றும் நொதி மருந்துக்கு அது எத்தனை நாள் காணும்?

அப்பா ஸ்கேன் படத்தை வெயிலுக்கு நேரே பிடிக்கிறார். மூச்சுக்குழாயின் உள்வெளியை மட்டும் கணினி தனியே வார்த்துக் காட்டியிருக்கிறது. அவர் விரல் வளைவோடு இறங்கி ஓரிடத்தில் நிற்கிறது. "இங்கதான் சுவரு ஒட்டிப்போயிருக்கு." யாரும் சொல்லித் தந்ததாகத் தெரியவில்லை.

டாக்டரிடம் கேட்க வேண்டியவற்றை மகன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறான். முதல் கேள்வி: "படுத்தா எனக்கு மூச்சு முட்டும். உக்கார வச்சே மயக்கம் குடுப்பீங்களா?"