கருவடிக்குப்பம் மனை

லாஸ்பேட்டை,
புதுச்சேரி.
9 நவம்பர் 2025

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. பாரிசில் குளிர் ஆரம்பித்திருக்கும். இங்கே ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்கிறது.

போனில் சொன்னால் பாதியிலேயே கோபப்பட்டு வைத்துவிடுவாய் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். கருவடிக்குப்பம் மனையைக் கோழிக்கறிக் கடைக்கு விடலாம் என்று நீ சொல்லி மூன்று வாரம் ஆகிறது. அந்தக் கடைக்காரர் மாதம் 12,000 ரூபாய் வாடகை பேசி, முன்பணத்தோடு வீட்டுக்கே வந்தார். காபி கொடுத்து, முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மனை நம் இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சொன்னது தப்புதான். ஆனாலும் காரணத்தைக் கேட்டுவிட்டு அப்புறம் திட்டு.

அவர் வருவதற்கு முன்பே, அவருடைய இப்போதைய கடையைப் போய்ப் பார்த்தேன். முன்பக்கம் சுத்தமாகத்தான் இருந்தது. பின்னால் போனால் நீல டிரம் ஒன்று, மூடி இல்லை. குடலும் இறகும் வழிய வழிய நிற்கிறது. காலை பத்து மணி. மேலே பருந்துகள். எண்ணினேன், பதினொன்று. ஒன்று இறக்கையை மடித்துக்கொண்டு சரேலென்று இறங்கியது. டிரம்மின் விளிம்பில் உட்காரக்கூட இல்லை, காலால் ஒரு குடலைக் கொத்தாக வாரிக்கொண்டு எழும்பிற்று. குடல் கயிறு மாதிரி கீழே தொங்க, அப்படியே சூடேறிய காற்றில் வட்டம் போட்டுப் போட்டு மேலே போனது. இதையே நம் மனையில் நினைத்துப் பார். அங்கே நின்றால் விமான நிலைய வேலி தெரியும் இடம் அது. ஏ.டி.ஆர். விமானம் சக்கரத்தை இறக்கிக்கொண்டு தாழ்ந்து வரும்போது நீ சின்னப் பிள்ளையாட்டம் அண்ணாந்து பார்த்து நின்றாயே, அதே இடம்.

உன் மருமகன், என் பிள்ளை, அந்த விமான நிலையத்தில் ஒப்பந்தத்தில் பறவை விரட்டும் வேலைக்குச் சேர்ந்தது உனக்குத் தெரியும். 'மாமாகிட்ட ரொம்ப விவரம் சொல்லாதேம்மா, வெடி போடுற வேலைன்னு நினைச்சுக்குவார்' என்பான். வெடியும் போடுகிறார்கள்தான். ஆனால் ஒரே சத்தத்தை நாலு நாள் கேட்டால் ஐந்தாம் நாள் பறவை திரும்பிக்கூடப் பார்க்காது. கேஸில் வெடிக்கிற பீரங்கி வைக்கிறார்கள், மினுக்கும் ரிப்பன் கட்டுகிறார்கள். எல்லாவற்றுக்கும் அதே கதைதான். மாற்றி மாற்றிச் செய்துகொண்டே இருக்க வேண்டும். விமானம் வராமல் மாதக்கணக்கில் கிடந்த மைதானம் இது. 2013இல் புது முனையம் திறந்ததிலிருந்து சேவை வருவதும் நிற்பதுமாகத்தானே இருந்தது? போன டிசம்பர் 20ஆம் தேதிதான் பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் மறுபடி பறக்க ஆரம்பித்தார்கள். அந்த இடைவெளியில் இடம் தங்களுடையது என்று பறவைகள் நினைத்திருந்தால் அவற்றைக் குற்றம் சொல்ல முடியுமா?

இந்த வேலையில் பாதி, புல்லைப் பற்றிய வேலை என்று அவன் சேர்ந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. முப்பது வருஷம் அறிவியல் பாடம் எடுத்தவள் நான். புல்லை ஒட்ட வெட்டினால் உண்ணிக்கொக்கும் ஆள்காட்டியும் வந்துவிடும். நாலு பக்கமும் பார்வை தெரிகிற இடம்தான் அவற்றுக்கு வேண்டும். வளரவிட்டால் எலி சேரும், எலிக்குப் பின்னால் ஆந்தையும் பாம்பும். பகலில் வெட்டினால் வெட்டுகிற வண்டிக்குப் பின்னாலேயே கொக்கு வரிசை கட்டும், புல்லிலிருந்து பூச்சி எழும்புமே. அதனால் ராத்திரியில் வெட்டுவது நல்லது. ஆள்காட்டி முட்டையைப் பார்த்திருக்கிறாயா? கூடு என்று ஒன்றும் கிடையாது. சரளைக்கல் நடுவில் நாலு முட்டை, கல்லின் நிறத்திலேயே. காலடியில் வரும்வரை தெரியாது. தாய்ப்பறவை தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றும். அதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மழை விட்ட சாயங்காலம்தான் அவனுக்குப் பயம். போன வாரம் நம் வீட்டு விளக்கைச் சுற்றி ஈசல் மொய்த்தது. மைதானத்தில் எவ்வளவு கிளம்பியிருக்கும்! ஈசலுக்குத் தகைவிலான், கரிச்சான், கடைசியில் பருந்துகூட வந்துவிடும். வேலை முடிந்து வந்தவன் சாப்பிடாமல் படுத்துவிட்டான்.

பருந்து முக்கால் கிலோ இருக்குமா? மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் போகும் விமானத்தில் அது மோதுவது, முக்கால் கிலோ கல்லைக் கிட்டத்தட்ட 150 மீட்டர் உயரத்திலிருந்து போடுவதற்குச் சமம். வகுப்பில் போடுகிற கணக்குதான், நானே போட்டுப் பார்த்தேன். பெரும்பாலும் விமானத்துக்கு ஒன்றும் ஆவதில்லை, பறவைதான் சாகிறது. எப்போதாவதுதான் விமானத்துக்கு ஆபத்து வரும். ஜூன் 12 அன்று ஆமதாபாத் விமான விபத்து நடந்ததும் பறவைதான் காரணம் என்று ஊரே பேசிற்று, நீயும் அன்று ராத்திரி பதறிக்கொண்டு போன் செய்தாய். பறந்த பாதையில் குறிப்பிடும்படி பறவை நடமாட்டம் இல்லை என்று ஜூலையில் வந்த முதற்கட்ட அறிக்கை சொல்லிவிட்டது. ஆனால் அதற்கு ஆறு மாதம் முன்பு தென் கொரியாவில் முவான் விமான நிலையத்தில் 179 பேர் செத்தார்களே, அங்கே இரண்டு இன்ஜினிலும் வாத்து இறகு இருந்தது. குளிர்காலத்துக்கு வலசை வரும் வாத்து. ஓடுபாதைக்கு அப்பால் இருந்த கான்கிரீட் மேட்டில் மோதித்தான் அத்தனை உயிர் போயிற்று. இருந்தாலும் அவசரமாக இறக்க வேண்டி வந்தது பறவையால். அதைப் படித்ததிலிருந்து நம் ஊசுடு ஏரிதான் என் நினைவில் நிற்கிறது.

அதற்காக ஏரியைத் தூர்த்துவிடு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2008இல் சரணாலயம் என்று அறிவித்த ஏரி அது. மார்கழிப் பனியில் வந்து இறங்கும் வாத்து, விமானத்துக்கு வெகு காலம் முன்பிருந்தே வருகிறது. அது எந்த நேரம் எந்தப் பக்கம் பறக்கிறது என்று கவனித்து, விமானிக்கு முன்கூட்டியே சொல்லத்தான் முடியும். செத்த பறவையைக்கூட வீணாக்குவதில்லை. விமானத்தில் ஒட்டியிருக்கும் ரத்தக்கறையை, இறகுத் துணுக்கைக் கோவை ஆனைகட்டியில் உள்ள சாலிம் அலி மையத்துக்கு அனுப்பினால் டி.என்.ஏ. பார்த்து இன்ன பறவை என்று சொல்லிவிடுவார்கள். பறவை எது என்று தெரிந்தால் அது எதைத் தின்ன வந்தது என்று தேடலாம். 1980களில் சாலிம் அலியும் அவருடைய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தாரும் நம் நாட்டு விமான நிலையங்களைச் சுற்றிப் பார்த்தபோதே, பருந்தையும் பிணந்தின்னிக் கழுகையும் இழுத்துக்கொண்டு வருவது குப்பையும் இறைச்சிக் கழிவும்தான் என்று எழுதிவிட்டார்கள். அந்தக் கழுகுகள் அப்புறம் மாட்டுக்குப் போட்ட மருந்தால் கிட்டத்தட்ட அழிந்தே போயின. பருந்து மட்டும் நம்மோடு இருக்கிறது. நாம் போடுவதைத் தின்றுதான் இருக்கிறது.

சட்டமும் இருக்கிறது, தம்பி. 1937ஆம் வருஷத்து விமான விதிகளில் 91ஆவது விதி. விமான நிலையத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் ஆடு, கோழி அறுக்கக் கூடாது, குப்பை கொட்டக் கூடாது. கழிவை ஒழுங்காக அகற்றும் ஏற்பாடு செய்து அனுமதி வாங்கினால்தான் கடை. அந்த வட்டத்தைப் போட்டுப் பார்த்தால் கடற்கரையிலிருந்து ஊசுடு வரை நம் ஊரே உள்ளே விழுகிறது. ஊர்க் குப்பையை மலையாகக் குவித்த குரும்பாபேட்டும் உள்ளேதான். குப்பைக் கிடங்கை 20 கிலோமீட்டர் தள்ளி வை என்றது 2016 விதி. தமிழ்நாட்டுக்குள் துண்டு துண்டாகக் கிடக்கிற நம் ஊரில் 20 கிலோமீட்டருக்கு எங்கே போவது? இது அரசாங்கம் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய விஷயம். கறிக்கடைக்காரர்கள் எல்லோரையும் நான் குறை சொல்லவில்லை. மூடி போட்ட டிரம், தினம் வந்து எடுத்துப் போகும் வண்டி, இந்த இரண்டும் இருந்தால் எனக்கும் மறுப்பில்லை. அவரிடமும் அதைத்தான் கேட்டேன். 'பின்னாடி காலி இடம் இருக்கேம்மா, அங்கயே குழி தோண்டிப் போட்டுக்கறேன்' என்றார். அதற்கு மேல் என்ன பேச? அந்தக் காலி இடத்துக்கு மேலே உள்ள வானத்தைத்தான் என் பிள்ளை நாள் முழுக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கப் போகிறான்.

சைக்கிள், ஸ்கூட்டர் பழுது பார்க்கும் பையன் ஒருவன் 8,000 ரூபாய்க்குக் கேட்கிறான். மாதம் 4,000 குறையும். உன் பங்கில் குறைய வேண்டாம், என் பங்கில் கழித்துக்கொள்கிறேன். அப்பா வாங்கிய மனை, உன் சம்மதம் இல்லாமல் எழுதிக் கொடுக்க மாட்டேன். ஒப்பந்தத்தின் நகலை இதனுடன் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டுப் பொங்கலுக்கு வரும்போது கையோடு கொண்டு வா.

சென்னையில் இறங்கிக் காரில் வராதே, பெங்களூரு வழியாக வா. ஜன்னல் பக்கம் சீட் கேட்டு வாங்கு. இறங்கும்போது ஓடுபாதை ஓரத்தில் ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு ஒருவன் நிற்பான். அவன் உன்னைப் பார்க்க மாட்டான், வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். நீ பார்த்து வை.

அன்புடன்,
அக்கா