பள்ளிக்கூடம் யாருடையது?

தமிழ்நாட்டில் எந்தச் சிற்றூருக்குச் சென்றாலும் 'ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி' என்று எழுதிய பலகை ஒன்று கண்ணில் படும். நம் கல்லூரியில் பயிலும் நண்பர்களில் பாதிப் பேராவது அத்தகைய பலகையைக் கடந்து உள்ளே போய்த்தான் 'அ' எழுதக் கற்றிருப்பார்கள். நானும் அவ்வாறே. வரலாறு படிக்க வந்த பின்னர், ஒன்றியத்துப் பள்ளியில் ஒன்றியத்துக்கு என்ன வேலை என்று ஒரு கேள்வி என்னுள் எழுந்தது. விடை தேடி நான் முதலில் போனது நூலகத்துக்கு அன்று. எங்கள் வீட்டுத் திண்ணைக்கு. அங்கேதான் என் தாத்தா இருக்கிறார். 1964இல் பஞ்சாயத்து யூனியன் பள்ளி ஆசிரியராக வேலையில் சேர்ந்து, 2000இல் ஓய்வு பெற்றவர்.

"அப்ப எங்களுக்கு எசமான் சேர்மன்தான் தம்பி" என்று தொடங்கினார்.

1958ஆம் ஆண்டின் சென்னைப் பஞ்சாயத்துச் சட்டம் மாவட்டப் போர்டுகளை எடுத்துவிட்டுப் பஞ்சாயத்து யூனியன்களைக் கொண்டுவந்தது. போர்டு நடத்திய தொடக்கப் பள்ளிகள் யூனியன்களின் கைக்கு வந்தன. கட்டடம், பெஞ்சு, கரும்பலகை, ஆசிரியர் எல்லாமே யூனியனைச் சேர்ந்தவை. மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் ஒன்று தன் வட்டாரத்துக் குழந்தைகளின் கல்வியைத் தானே கவனித்துக்கொள்கிறது என்றால், கேட்பதற்கு எவ்வளவு இனிமையாக இருக்கிறது! அந்த இனிமையில் உண்மையும் கொஞ்சம் இருந்தது. காமராசர் முதலமைச்சராகவும், நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராகவும் இருந்த அந்தக் காலத்தில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஊரார் தங்கள் பள்ளிக்கு வேண்டியதைத் தாங்களே கொண்டுவந்து கொடுத்தார்கள். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு மரக்கால் நெல் திரட்டி, அதை விற்று ஒரு வெண்கல மணி வாங்கினார்களாம். அந்த மணி இன்றும் அடிக்கிறது. அதை யாரும் அரசாங்க மணி என்று சொல்லுவதில்லை, ஊர் மணி என்றுதான் சொல்லுகிறார்கள்.

ஆனால் தாத்தாவின் கதை மணியோடு முடியவில்லை. 1970இல் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. எங்கள் வட்டாரத்தில் வென்று வந்தவருக்கு, எந்த ஆசிரியர் யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசினார் என்பது வரைக்கும் தெரிந்திருந்ததாம். தாத்தா உட்கார்ந்தது தோற்றவர் வீட்டுத் திண்ணை. ஐந்தாண்டுகளில் மூன்று ஊர்களுக்கு மாற்றினார்கள். மூன்றாவது ஊருக்குப் பேருந்து கிடையாது. நான்கு மைல் வரப்பிலே நடை. சம்பளமும் யூனியன் அலுவலகத்தில்தான். யூனியனில் பணம் இருந்தால் முதல் வாரம். இல்லையென்றால் இருபதாம் தேதி. "பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த நேரத்தைவிட ஆபீஸ் வாசல்ல நின்ன நேரம் அதிகம்" என்கிறார். மிகையாகச் சொல்லுகிறார் என்றுதான் நினைக்கிறேன். ஆயினும் அரை நூற்றாண்டு கழிந்தும் அந்தக் கசப்பு அவர் குரலை விட்டுப் போகவில்லை.

இந்த நிலை 1981 சூன் முதல் நாளோடு முடிந்தது. அன்று முதல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். அரசுச் சம்பளம், அரசு விதிகள், துறை மேலதிகாரிகள். எங்கள் வீட்டில் அன்று பாயசம் வைத்தார்களாம். ஆசிரியர் குடும்பத்துப் பேரன் ஆகையால் அந்த மாற்றத்தை நான் குறை கூற மாட்டேன். தேர்தலில் தோற்றவனுக்கு நண்பனாக இருந்த குற்றத்துக்காக ஓர் ஆசிரியர் வரப்பிலே நடக்க வேண்டியதில்லை.

எனினும் எனக்கொரு ஐயம். ஆசிரியரை ஆட்டிப் படைக்கும் அதிகாரத்தை மன்றத்திடமிருந்து பிடுங்கியது சரி. 'எங்கள் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள்?' என்று கேட்கும் உரிமையும் அதனோடு சேர்ந்து போய்விட்டதோ?

உள்ளூர் மன்றம் என்றாலே கட்சிச் சண்டை என்று கருதுவோருக்கு ஒரு பழைய செய்தியை நினைவூட்டலாம். 1920 செப்டம்பரில் சென்னை மாநகராட்சி மன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. அப்போது மன்றத் தலைவர் பி. தியாகராயர். ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு, ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவில் சிற்றுண்டி வழங்குவது என்பதே அத்தீர்மானம். பசித்த பிள்ளை பள்ளிக்கு வராது என்பதைக் கண்டறிய அவர்களுக்குப் பேரறிஞர் குழு எதுவும் தேவைப்படவில்லை. தெருவில் நடந்தாலே தெரிந்தது. திட்டம் வேறு சில பள்ளிகளுக்கும் பரவியது. 1925இல் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவிடக் கூடாது என்று வெள்ளை அரசாங்கம் தடுத்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர்களுக்குப் பிள்ளையின் வயிறு தெரிந்தது. தொலைவில் இருந்தவர்களுக்குக் கணக்குத் தலைப்புத்தான் தெரிந்தது. பின்னாளில் 1956இல் காமராசர் காலத்து மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். காலத்துச் சத்துணவு, 2022இல் காலைச் சிற்றுண்டி என்று வளர்ந்த பெருமரத்துக்கு விதை ஒரு நகர மன்றத்தின் தீர்மானப் புத்தகத்தில்தான் விழுந்தது.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன்.

எங்கள் பள்ளி வளாகத்தின் சுற்றுச்சுவர் ஒன்றே ஒன்று. அதற்குள் எத்தனை ஆட்சிகள் நடக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் தலை சுற்றும். ஆசிரியர்கள் பள்ளிக் கல்வித் துறை. அவர்களுக்கு வட்டாரக் கல்வி அலுவலர். கட்டடம் ஊராட்சி ஒன்றியத்தினுடையது. சத்துணவு சமூக நலத் துறைத் திட்டம். அதன் நடப்பைப் பார்ப்பது ஒன்றிய அலுவலகத்திலுள்ள ஒரு பிரிவு. காலை உணவைச் சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுவினர். மூலையில் இருக்கும் அங்கன்வாடி, 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைச் சேர்ந்தது. அதற்குத் தனி அலுவலர், தனிப் பதிவேடுகள். என் அத்தை அங்கேதான் பணியாளர். தண்ணீர் மட்டும் கிராம ஊராட்சியின் பொறுப்பு. ஐந்து வயது நிரம்பிய குழந்தை அங்கன்வாடித் திண்ணையிலிருந்து இறங்கி முப்பது அடி நடந்து முதல் வகுப்பில் ஏறும்போது, ஒரு துறையின் எல்லையைக் கடந்து இன்னொரு துறைக்குக் குடிபெயர்கிறது! குழந்தைக்கு இது தெரியாது. தெரிய வேண்டியவர்களுக்கும் சில வேளைகளில் தெரிவதில்லை.

2023ஆம் ஆண்டு கோடையில் பள்ளிக் கழிப்பறைக்குப் போகும் குழாய் உடைந்தது. தலைமை ஆசிரியை தம் துறைக்கு எழுதினார். கட்டடம் ஒன்றியத்தினுடையது, அங்கே எழுதுங்கள் என்று பதில் வந்தது. ஒன்றியத்தில் கேட்டால், தண்ணீர் ஊராட்சியின் பொறுப்பு என்றார்கள். ஊராட்சியில் கேட்டால், சுவருக்கு வெளியே உள்ள குழாய் எங்களுடையது, உள்ளே போய்விட்டால் ஒன்றியம் என்றார்கள். ஒவ்வொருவர் சொன்னதும் விதிப்படி சரிதான்! அத்தனை சரிகளுக்கும் நடுவில் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பெண் குழந்தைகள் பாதி வகுப்பில் எழுந்து வீட்டுக்கு ஓடினார்கள். போனவர்களில் சிலர் அன்று திரும்பி வருவதில்லை. அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு என் அத்தை தன் வீட்டிலிருந்து குடத்தில் சுமந்தாள்.

அவ்வாண்டு ஆகஸ்டு 15 கிராம சபையில் இது வெடித்தது. வழக்கமான தீர்மானங்கள் வாசிக்கப்பட்டுக் கையெழுத்து நோட்டு சுற்றிக்கொண்டிருந்தபோது, பேத்தியைப் பள்ளிக்கு அனுப்பும் அப்பத்தா ஒருத்தி எழுந்தாள்.

"ஏப்பா தலைவரே, பள்ளிக்கூடம் யாருது? மேக்க போனா கெழக்க கையக் காட்டுறீக, கெழக்க போனா மேக்க காட்டுறீக. புள்ளைக நம்மூருப் புள்ளைகதானே?"

கூட்டம் சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை. அவர் நல்ல மனிதர். பள்ளி மேலாண்மைக் குழுவிலும், கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழுவிலும் தமக்கு இடம் உண்டு என்றும், ஆனால் ஆசிரியர் ஒருவர் வரவில்லை என்றாலோ, முட்டை அழுகி வந்தது என்றாலோ ஒரு விளக்கம் கேட்கக்கூடத் தமக்கு அதிகாரம் இல்லை என்றும் சொன்னார். பிறகு, "கொழாய நான் போட்டுத் தாறேன் ஆத்தா, ஆடிட்டுல என்னயக் கேட்டா நீதான் சாட்சி" என்றார். நான்கு நாளில் குழாய் வந்தது. விதியை மீறித்தான் வந்தது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஒரு கழிப்பறைக் குழாய்க்காக நல்லவர் ஒருவர் விதியை மீற வேண்டியிருக்கிறது என்றால், மாற்ற வேண்டியது நல்லவரையா, விதியையா?

அரசியலமைப்பின் 73ஆம் திருத்தம் 1992இல் நிறைவேறியது. அதனோடு வந்த பதினோராம் அட்டவணையில் ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்கவை என்று 29 பொருள்கள் உள்ளன. தொடக்க, இடைநிலைப் பள்ளிகள் உள்ளிட்ட கல்வி அதில் 17ஆவது. மகளிர், குழந்தைகள் மேம்பாடு 25ஆவது. எதை, எவ்வளவு கொடுப்பது என்பதை மாநிலங்களே முடிவு செய்யலாம். நம் அண்டை மாநிலமாகிய கேரளம் தன் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே அரசுத் தொடக்கப் பள்ளிகளையும் அங்கன்வாடிகளையும் கிராமப் பஞ்சாயத்துகளிடமும், உயர்நிலைப் பள்ளிகளை மாவட்டப் பஞ்சாயத்துகளிடமும் ஒப்படைத்தது. ஆசிரியர் நியமனமும் சம்பளமும் மாநில அரசிடமே நின்றன. இந்தப் பங்கீடு என்னைக் கவர்ந்தது. தாத்தாவை வரப்பிலே நடக்க விட்ட அதிகாரம் அதில் பஞ்சாயத்துக்கு இல்லை. அப்பத்தாவுக்கு விடை சொல்லும் பொறுப்பு இருக்கிறது. அங்கே எல்லாம் பாலும் தேனுமாக ஓடுகிறது என்று நான் கூறவில்லை. கேட்பவருக்கு ஒரு முகவரியாவது இருக்கிறதே!

இதைத் தாத்தாவிடம் சொன்னேன். அவர் ஒப்பவில்லை. "இன்னைக்குக் கொழாயும்பாக, நாளைக்கு வருகைப் பதிவேட்டைக் கொண்டான்னு கேப்பாக, அடுத்த வருசம் ட்ரான்ஸ்பருல வந்து நிக்கும்" என்றார். அச்சத்துக்குக் காரணம் உள்ள மனிதர் அவர். ஆனால் அன்று பிற்பகல் பள்ளி மேலாண்மைக் குழு நோட்டை என் தாய் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது (அவள் அதில் பெற்றோர் உறுப்பினர்), மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படித்தவரும் அவரேதான். ஐந்தாம் வகுப்பில் எத்தனை பேர், வாசிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர் என்று இரண்டு பத்திகள் போட்டு எழுத வேண்டும் என்றார். தேநீர், வடை, கையெழுத்து என்று முடியும் கூட்டத்தில் இப்படியொரு பத்தி போட யாருக்கும் தோன்றியதில்லை. இப்போது அந்தப் பத்தி இருக்கிறது. முதல் முறை எண்ணியபோது வந்த தொகையை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. இரண்டாம் முறை எண்ணியபோது அது சற்றே உயர்ந்திருந்தது.

இதற்கிடையில் 2025 சனவரியில் எங்கள் மாவட்டம் உட்படப் பெரும்பாலான மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். நமக்கு இது புதிதன்று. 1970க்குப் பின் 1986 வரையிலும், பின்பு 1996 வரையிலும் தேர்தலுக்குக் காத்திருந்த மாநிலம் இது. 2016க்குப் பிறகும் மூன்றாண்டுகள் ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் எவரும் இல்லை. அந்தச் சனவரியில், குழாய் போட்டுத் தந்த தலைவர் வெறும் ஊர்க்காரர் ஆனார். அடுத்த மாதமே அங்கன்வாடியின் மேற்கூரையில் காரை பெயர்ந்தது. பழக்கம் விடாமல் அத்தை அவர் வீட்டுக்குத்தான் போனாள். "நான் இப்ப யாருமில்லையே அக்கா" என்று சொல்லிக்கொண்டே அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார். இருவரும் தனி அலுவலரைக் காண ஒன்றிய அலுவலகத்துக்குப் போனார்கள். அன்று அவர் வேறு ஊராட்சிக்குப் போயிருந்தார். எட்டாம் நாள் மறுபடி போய் மனுவைக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வந்தார்கள். அதுவரை குழந்தைகளை அத்தை வேப்பமரத்தடியில் உட்கார வைத்திருந்தாள்.