சஸ்பென்ஸ் அக்கவுண்ட்

உங்கள் வீட்டில் பழைய வண்டி ஏதாவது இருக்கிறதா? இருந்தால் இந்த வாரம் உங்களுக்குத்தான். இல்லாவிட்டாலும் படியுங்கள். விஷயம் வண்டியோடு முடியவில்லை.

எங்களிடம் ஒரு டீசல் ஜீப் இருக்கிறது. அப்பா வாங்கியது. மேலூர் பக்கம் பெரியாறு கால்வாய்ப் பாசனத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நெல் வயல். ஐப்பசி மழையில் டிராக்டரே யோசிக்கிற சேற்றில், ஃபோர் வீல் லீவரைத் தட்டிவிட்டால் உர மூட்டைகளோடு ஏறி வந்துவிடும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்துக்காகப் பிறந்த ஜாதி அல்லவா! 1940-களின் கடைசியில் மகிந்திரா நிறுவனம் வில்லீஸ் ஜீப்பை பம்பாயில் கோக்க ஆரம்பித்த பிறகு, நம் ஊர் தாசில்தாரிலிருந்து ரைஸ்மில் முதலாளி வரை எல்லோரையும் சுமந்த வண்டி.

அப்பா போன பிறகு ஜீப்போடு எனக்கு வந்து சேர்ந்தவர் டிரைவர் அண்ணன். பத்தொன்பது வருடம் அப்பாவோடு இருந்தவர். வார நாட்களில் வயல் வேலைக்கு அவர் ஓட்டுவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான்.

மூன்று வருடத்துக்கு முன்பு ஜீப்புக்கு ஒரு வியாதி வந்தது. ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஒரு தயக்கம். நன்றாகப் பேசிக்கொண்டிருப்பவர் பாதியில் வார்த்தை மறந்து முழிப்பாரே, அந்த மாதிரி. இரண்டு ஜெர்க். அப்புறம் ஒன்றுமே நடக்காதது போல ஓடும்.

ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டால் சமர்த்தாக நிற்கும். 'எங்க சார், நல்லாத்தானே ஓடுது?' என்பார்கள். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் படபடப்பு நின்றுபோகிறதே, அதே கதை! இதயத்துக்காவது ஹோல்ட்டர் என்று ஒரு கருவி இருக்கிறது. நார்மன் ஹோல்ட்டர் என்ற அமெரிக்கர் உருவாக்கியது. இருபத்து நாலு மணி நேரமும் நெஞ்சில் ஒட்டிக்கொண்டு, எப்போது துடிப்பு தப்புகிறது என்று எழுதிக்கொண்டே இருக்கும். ஜீப்புக்கு அப்படி எதுவும் இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஃபில்டர் மாற்றினோம். நாசில்களைக் கழற்றி சர்வீஸ் செய்தோம். பம்ப்பை கேலிப்ரேஷனுக்கு அனுப்பினோம். பதினாலாயிரம் ரூபாய் சொச்சம் போயிற்று. ஜெர்க் போகவில்லை.

நான் பி.காம். படித்தவன். டிரையல் பேலன்ஸ் போடுகிறபோது பற்றும் வரவும் டேலி ஆகாமல் ராத்திரி முழுக்க முழித்தவர்களுக்கு என் வேதனை புரியும். எங்கள் புரொபசர் சில சூத்திரங்கள் சொல்லித் தந்திருந்தார். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால், 54-ஐ 45 என்று எங்கோ மாற்றி எழுதியிருக்க வாய்ப்பு உண்டு. வித்தியாசத்தில் சரிபாதி ஏதாவது ஒரு தொகையாக இருந்தால், அதைத் தப்பான பக்கத்தில் போட்டிருக்கலாம். எதுவுமே பிடிபடவில்லையா? 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்' என்று ஒன்று திறந்து, வித்தியாசத்தை அதில் தற்காலிகமாக வைக்க வேண்டும். 'தப்பு கிடைக்கிற வரைக்கும் அது அங்கேயே கிடக்கட்டும். கைக்கு வசதியா இருக்கிற ஒருத்தர் பேர்ல எழுதி மட்டும் கணக்கை முடிச்சிடாதீங்கடா' என்பார்.

நான் அதைத்தான் செய்தேன்.

என் ஆராய்ச்சி இப்படிப் போயிற்று. ஜெர்க் வருவதெல்லாம் அண்ணன் ஓட்டும்போது. ஞாயிற்றுக்கிழமை நான் ஓட்டினால் ஒரு தடவைகூட வந்ததில்லை. அப்படியென்றால்? பங்க்கில் போடாமல் எங்கேயோ மலிவான கலப்பட டீசல் வாங்கி ஊற்றுகிறார். மிச்சக் காசு பைக்குள் போகிறது. கணக்கு டேலி!

இத்தனைக்கும் அவர் ஒரு விஷயம் சொல்லியிருந்தார். 'தம்பி, காலையில கைப்பம்பை நாலு அமுக்கு அமுக்கினாத்தான் ஸ்டார்ட் ஆகுது. எங்கிட்டோ காத்துப் பிடிக்குதுன்னு நினைக்கிறேன்.' டீசல் பைப்புக்குள் காற்று நுழைகிறது என்பதைத்தான் சொன்னார். என் காதில் அது சால்ஜாப்பாக விழுந்தது.

ஒரு நாள் கேட்டுவிட்டேன். 'டீசல் எங்கண்ணே போடுறீங்க? பில்லெல்லாம் வச்சிருக்கீங்களா?'

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். கோபப்படவில்லை. சாவியைத் திண்ணையில் வைத்தார். 'நாளையிலேர்ந்து வரலை தம்பி' என்றார். அவ்வளவுதான்.

அடுத்த இரண்டு ஞாயிறும் வண்டி வெண்ணெயாக ஓடியது. 'பார்த்தியா, நான் சொன்னேன்ல?' என்று வீட்டில் பெருமை அடித்துக்கொண்டேன். மூன்றாவது ஞாயிறு பங்க்கில் கூட்டம். வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அப்படியே கிளம்பினேன். பின் சீட்டில் என் மகன். ஒத்தக்கடை தாண்டியாயிற்று. இடது பக்கம் யானைமலை. அந்த இடத்தில் ஜெர்க். இன்னொரு ஜெர்க். என்ஜினே நின்றுவிட்டது. பின்னால் வந்த லாரி ஹாரனை அலறவிட்டபடி உரசாத குறையாக ஒதுங்கிப் போனது. என் கை நடுக்கம் நிற்க ரொம்ப நேரம் ஆயிற்று.

பக்கத்தில் ஒரு மரத்தடி ஒர்க்‌ஷாப். வயசான பாய். மதுரைக்காரர்களுக்கு எரிபொருள் சங்கடம் புதிதில்லை. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் பஞ்சம் வந்தபோது, கரியை எரித்து வரும் வாயுவில் வண்டி ஓட வைக்க டி.வி.சுந்தரம் ஐயங்கார் 'கேஸ் பிளான்ட்' தயாரித்துக் கொடுத்த ஊர் இது. பாய் ஸ்பேனரைத் தொடவே இல்லை. முதலில் ஒரு கேள்வி கேட்டார்.

'எப்ப ஜெர்க் வருதுன்னு எல்லாரும் சொல்வாங்க சார். எப்ப வரலை? அதைச் சொல்லுங்க.'

'நான் ஓட்டினா வராது பாய். இன்னிக்குத்தான்...'

'நீங்க ஓட்டுறப்ப டேங்க்ல எவ்வளவு டீசல் இருக்கும்?'

யோசித்தேன். ஃபுல் டேங்க் போட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பது என் வழக்கம். வாரக் கடைசிக்குள் அது வயலுக்கும் வீட்டுக்குமாக ஓடிக் கரைந்திருக்கும். அந்தக் கடைசி நாட்களில் ஓட்டுவது அண்ணன். இன்றைக்கு நான் போடவில்லை.

பாய் டேஷ்போர்டு பெட்டியைத் துழாவினார். அழுக்கேறிய ஒரு டைரி வந்தது. அண்ணனுடைய கையெழுத்து. ஒவ்வொரு டீசல் பில்லும் பின் அடித்திருந்தது. பக்கத்திலேயே குறிப்புகள். 'நரசிங்கம்பட்டி. ஜெர்க். டீசல் கால் டேங்க்.' 'ஒத்தக்கடை. ஜெர்க். கால் டேங்க்.' 'டேங்க் ஃபுல். தொந்தரவு இல்லை.' நாலு மாதத்துக்கு இப்படியே.

ஜீப்புக்கும் ஒரு ஹோல்ட்டர் இருந்திருக்கிறது. கணக்குப் படித்தவன் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்க்கவே இல்லை!

பாய் விளக்கினார். பெட்ரோல் என்ஜின் போல டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. ருடால்ஃப் டீசல் 1897-ல் ஓட்டிக் காட்டிய தத்துவம்தான் இன்றைக்கும். சிலிண்டருக்குள் காற்றை ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக நசுக்கினால், 500 டிகிரிக்கு மேல் சூடாகிவிடும். அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். பீய்ச்சுவதற்கு, நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தைப்போல நூறு மடங்குக்கு மேல் அழுத்தம் வேண்டும். டீசலை அமுக்கினால் அடங்காது. அதனால் அழுத்தம் ஏறும். காற்று அடங்கிவிடும். பைப்பில் ஒரு குமிழி வந்தால், பம்ப் தன் பலத்தை எல்லாம் அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே செலவழித்துவிடும். நாசில் திறக்காது. அதுதான் ஜெர்க்.

'லீக் இருந்தா டீசல் கீழ சொட்டணுமே பாய்?'

'அங்கதான் எல்லாரும் ஏமாறுறது. டேங்க்லேர்ந்து ஃபீட் பம்ப் வரைக்கும் டீசலை உறிஞ்சி இழுக்குது சார். உறிஞ்சுற குழாய்ல ஓட்டை இருந்தா டீசல் வெளிய வராது, காத்துதான் உள்ள போகும். டேங்க் ஃபுல்லா இருந்தா லேசா இழுத்தாப் போதும். குறையக் குறைய ஆழத்துலேர்ந்து இழுக்கணும். அப்பத்தான் விரிசல் வாயைத் திறக்கும்.'

ராத்திரி அதே விரிசல் வழியாகக் காற்று போய், டீசல் டேங்க்குக்கே திரும்பி இறங்கிவிடும். அதனால்தான் காலையில் கைப்பம்பு.

சொன்னதோடு விடவில்லை. ஒரு கேனில் டீசல் நிரப்பி மேலே கட்டி, தனி ட்யூப் வழியாக நேரே ஃபீட் பம்ப்புக்குக் கொடுத்தார். அரை மணி நேரம் ஓட்டினோம். ஜெர்க் இல்லை. அப்படியானால் பம்ப், நாசில் எல்லாம் நிரபராதி. பிறகு பழைய பைப்பையே மாட்டி, நடுவில் கண்ணாடி போன்ற ஒரு ட்யூபைச் செருகினார். பன்னீர் சோடா மாதிரி குமிழிகள் ஓடின. ஃபீட் பம்ப்புக்குச் சற்று முன்னால், கிளிப்புக்கு அடியில், வயசான ரப்பர் ஹோஸில் மயிரிழை விரிசல். யார் தப்பும் இல்லை, ரப்பரின் ஆயுசு அவ்வளவுதான். புது ஹோஸும் இரண்டு கிளிப்பும் நூற்றி இருபது ரூபாய். கைப்பம்பை அமுக்கிக் குழாயிலிருந்த காற்றை வெளியேற்றினார். அன்றோடு ஜெர்க் நின்றது.

அன்று சாயங்காலமே அண்ணன் வீட்டுக்குப் போனேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தது எதுவும் வாய்க்கு வரவில்லை. டைரியை நீட்டினேன். 'தப்பு என்னுதுண்ணே' என்றேன்.

அவர் டைரியை வாங்கவில்லை. 'காத்துதானா?' என்றார்.

'காத்துதாண்ணே.'

'கிளிப் புதுசு போட்டீங்களா? பழசைப் போட்டா திரும்ப லூஸாகும்.'

காபி வந்தது. குடித்தேன். வேலைக்குத் திரும்ப வரச் சொன்னேன். ஸ்கூல் வேன் ஓட்டுவதாகவும், பிள்ளைகள் பழகிவிட்டதாகவும் சொன்னார். வாசல் வரைக்கும் வந்தார். ஜீப்பின் பானட்டில் கையை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். 'அப்பா இருந்தா, முதல்ல இதைத் திறந்து பார்த்திருப்பாரு தம்பி.'

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வீடோ, ஆபீஸோ, விட்டு விட்டு வருகிற ஏதோ ஒரு கோளாறு உங்களுக்கும் இருக்கும். யார் இருக்கும்போது அது வருகிறது என்று பார்ப்பது சுலபம். அவர் இருக்கும்போது வேறு என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். விடை கிடைக்கிற வரை சஸ்பென்ஸ் அக்கவுண்டிலேயே கிடக்கட்டும். அதில் வைப்பதற்கு வட்டி கிடையாது.

ஜீப் நன்றாக ஓடுகிறது. அந்த டைரி இன்னும் டேஷ்போர்டில்தான். அண்ணன் விட்ட பக்கத்துக்கு அடுத்த பக்கத்திலிருந்து இப்போது நான் எழுதுகிறேன்.