குளிர்பானம் வேண்டாம், கணக்கைக் காட்டுங்கள்

2020 மார்ச்சில் நிறுத்திய தனியார் வாகன இறக்குமதியை இலங்கை அரசு 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்தது. இடையில் பழைய கார்களின் விலையே எகிறியதால், விற்பவருக்கு யாரிடமும் பணிந்து பேசத் தேவை இருக்கவில்லை. இப்போது காட்சியறைகளில் புன்னகைக்கும் குளிர்பானத்துக்கும் குறைவில்லை. திருகோணமலைக்காரருக்கு அது மட்டும் சேவையாகாது. இவ்வளவு பெரிய இயற்கைத் துறைமுகம் இங்கே இருந்தும், ஜப்பான் கார்கள் வந்து இறங்குவது கொழும்பிலும் அம்பாந்தோட்டையிலும்தான். அதனால் கண்ணால் காணாத வண்டிக்கு முற்பணம் கட்ட நேர்பவருக்கு, ஜப்பான் ஏலத்தில் வண்டியின் நிலையைக் குறித்த ஏலத்தாளின் பிரதியும் வரி உள்ளிட்ட முழு விலையும் கையில் வருவதுதான் மரியாதை.

“வரியும் டொலரும் எங்கள் கையிலா?” என்பார்கள் விற்பவர்கள். நியாயம்தான். ஆனால் யாரும் வரியைக் குறைக்கச் சொல்லவில்லை. எது வரி, எது வண்டியின் விலை, எது உங்கள் கட்டணம் என்று பிரித்து எழுதத்தான் கேட்கிறோம். விலை மாறினால் முற்பணம் திரும்புமா என்பதையும் அதே தாளில் எழுதலாமே.