அட்டைப்பெட்டி மேல ஒரு கம்ப்யூட்டர்

பொட்டி அசெம்பிள் பண்ணப் போறீங்களா? மொதல்ல அந்த கேபினெட்டை மூலைல தள்ளி வைங்க. எல்லாத்தையும் உள்ள வெச்சு முறுக்கி, ஒயரை அழகா கட்டி முடிச்சு சுவிட்சைப் போட்டா 'கம்'முனு இருக்கும் பாருங்க, அப்போ வர்ற கடுப்பு இருக்கே... எதுல கோளாறுன்னே தெரியாது.

அம்பத்தூர் எஸ்டேட்ல லேத் பட்டறை வெச்சிருக்கற மாமாவுக்கு ஆட்டோகேட் டிராயிங் பார்க்க ஒரு பொட்டி தேவைப்பட்டுச்சு. சீட்டு எடுத்த காசு, அதனால ஒவ்வொரு பில்லையும் மடிச்சு சட்டைப் பைல வெச்சுக்கிட்டார். ரிச்சி தெருவுல சாமான் வாங்கி, சென்ட்ரல்ல மின்சார ரயில் பிடிச்சு, மடில வெச்சே கொண்டு வந்தோம். இரும்புத் தூள் பறக்கற பட்டறைல பிரிக்க வேணாம்னுட்டேன். வீட்டு டைனிங் டேபிள்தான்.

மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டி மேலயே போர்டை வைக்கணும். அதைச் சுத்தியிருந்த பளபளா கவர் மேல வெச்சிடாதீங்க, அதோட வெளிப்பக்கம் மின்சாரம் கடத்த வாய்ப்பிருக்கு. பிராசஸர், அது மேல ஃபேன், ஒரே ஒரு ராம், எஸ்எம்பிஎஸ்ல இருந்து வர்ற 24 பின், பிராசஸருக்கான 8 பின், மானிட்டர். அவ்ளோதான், ஹார்ட் டிஸ்க் கூட வேணாம். (நாங்க வாங்கின ரைசன் 5 5600ஜி உள்ளேயே கிராபிக்ஸ் உண்டு. இன்டெல்ல பேர் கடைசில 'எஃப்' இருந்தா கார்டு மாட்டியே ஆகணும்.)

பவர் சுவிட்ச் கேபினெட்ல தானே இருக்கும்? அதுக்கான ரெண்டு பின் போர்டு ஓரத்துல இருக்கு, ஸ்க்ரூ டிரைவர் நுனியால ஒரு செகண்ட் சேர்த்துத் தொட்டா போதும். நான் கிட்ட கொண்டு போனதும் மாமா நாற்காலியை விட்டு எழுந்துட்டார்.

"டேய் மாப்ள, ரப்பர் செருப்பாவது போட்டுக்கடா!"

"அதுல 5 வோல்ட்டுக்கு மேல இல்ல மாமா."

440 வோல்ட் மோட்டாரோட இத்தனை வருஷம் குடித்தனம் பண்றவர் :-)

ஃபேன் சுத்துச்சு. திரை கருப்பு. போர்டுல 'டிராம்'னு போட்ட குட்டி லைட் மட்டும் அணையவே இல்ல. டிடிஆர்5 போர்டுன்னா மொத தடவை சில நிமிஷம் இப்படி நிக்கறது சகஜம். இது டிடிஆர்4, பத்து நிமிஷம் ஆகியும் அதே கதை. கரண்டை நிறுத்திட்டு இன்னொரு ராமை அதே ஸ்லாட்டுல மாட்டினேன். பயாஸ் திரை வந்துடுச்சு! பழசைத் திரும்ப மாட்டினா மறுபடி கருப்பு. ஆக, அந்த ஒரு ராம்தான் அவுட்.

திங்கக்கிழமை கடைல "போர்டுலதான் சார் பிரச்சனை"ன்னு ஆரம்பிச்சாங்க. ரெண்டையும் மாத்தி மாத்தி மாட்டி எடுத்த வீடியோவைக் காட்டினேன். மாமா பைல இருந்து பில்லை எடுத்தார். வேற பேச்சில்லாம புதுசு குடுத்துட்டாங்க.

வெளில ஓடினது கேபினெட் உள்ள போனதும் ஓடலைன்னா, மொதல்ல போர்டுக்கு அடில இருக்கற பித்தளை ஸ்டாண்டாஃப்களைப் பாருங்க. ஓட்டை இல்லாத இடத்துல ஒண்ணு நின்னா போர்டோட பின்பக்கம் ஷார்ட் ஆகும். அன்னிக்கு ராத்திரி மாமாவே டார்ச் அடிச்சு எண்ணினார். போர்டுல ஒம்போது ஓட்டை, கேபினெட்ல பத்து பித்தளை.

"ஒண்ணு ஜாஸ்தியா இருக்கே மாப்ள"ன்னு சொல்லிக்கிட்டே குறடால அதைக் கழட்டினார். அப்புறம்தான் போர்டை உள்ள இறக்கினோம்.