ஆறினால்தான் ருசி!

அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் கணவருக்கு அவர் கட்டித்தரும் சப்பாத்தியும் கூட்டும், சாப்பிடும் நேரத்தில் ஆறிப்போயிருக்கும். பாதி டப்பா அப்படியே திரும்பி வரும். தினமும் அதே வருத்தம்.

அவருக்குக் கைகொடுத்தது, இத்தாலியின் சிசிலித் தீவில் செய்யும் ‘கப்போனாட்டா’. நம்ம கத்திரிக்காய்தான் அதிலும்! 1/4 கிலோ கத்திரிக்காயைத் துண்டுகளாக்கி எண்ணெயில் பொரித்து எடுத்தார். வெங்காயம், தக்காளியை உப்புப் போட்டு வதக்கி, 2 டீஸ்பூன் வினிகர், 1 டீஸ்பூன் சர்க்கரை சேர்த்து, கத்திரிக்காயோடு பிரட்டி இறக்கினார். ஆலிவ் எண்ணெய்க்குப் பதில் கடலை எண்ணெய். ஆலிவ் காய், செலரி இல்லாமலே ஒப்பேற்றினார்.

புளிப்பும் இனிப்பும் ஊறணும் என்பதால், சிசிலிக்காரர்களே இதை ஆறவைத்துத்தான் சாப்பிடுகிறார்கள்.

காலையில் டப்பா காலி. கூடவே ஒரு கேள்வி: “ஏன் இவ்ளோ கொஞ்சமா வெச்சே?”